அண்ணிக்குப் போட்டுக் கொடுத்த லைன்

அன்பு அண்ணிக்கு,

நீங்க இருந்தவரைக்கும் உங்களை 'சம்பந்தி' என்றுதான் கூப்பிட்டேன். நீங்களும் என் பேரைச் சொன்னதில்லை. கிள்ளானில் எல்லாரிடமும் என்னை 'பிரிக்ஃபீல்ட்ஸ்காரம்மா' என்றுதான் சொல்வீங்களாம், உங்க மகன் சேகர் சொல்லிச் சிரித்தான். இன்றைக்கு எழுத உட்கார்ந்தால் கை தானாக 'அண்ணி' என்று எழுதிவிட்டது. வேண்டாமென்று தடுக்க நீங்க இல்லை, அந்தத் துணிச்சல்தான்.

இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் நான் சுகம். ஸ்டேஷன் பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்களே, அங்கே இப்போது பெரிய பெரிய தூண்கள் எழும்பியாச்சு. தூசி மட்டும் குறையவில்லை. பால்கனியில் துணி காயப்போட்டால் மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது. ஆக்லாந்தில் உங்க மகனும் என் மகள் உமாவும் நலம். உங்க பேத்தி உட்கார ஆரம்பித்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைக் கூட்டுகிறாளாம். யாருடைய தொண்டை என்று நான் சொல்லவா வேண்டும்?

அந்தத் தொண்டையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதத் தோன்றியது.

கிள்ளான் துணிக்கடையில் அத்தனை வருஷம் சேலை விற்ற குரல் அது. எதிர்ச் சாரியில் நடந்து போகிறவளை 'தங்கச்சி, அந்த மெரூன் உனக்குத்தான்டி வந்திருக்கு' என்று கூப்பிட்டு, ரோட்டைக் கடக்க வைக்கிற குரல். உமா கல்யாணத்தில் அந்தக் குரலை நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பாடு எங்கள் பொறுப்பு. பந்தி நடுவில் நின்று, "இது சாம்பார்ல தண்ணியா, தண்ணியில சாம்பாரா?" என்று நீங்க கேட்டதற்கு மைக்கே தேவைப்படவில்லை. மண்டபமே சிரித்தது. நான் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். அதற்கப்புறம் நாலு வருஷம், தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை போன், நீங்க சுகமா, நாங்க சுகம். அவ்வளவுதான் நம் உறவு.

பிள்ளைகள் நியூசிலாந்து போன அடுத்த வருஷம் உங்க தொண்டையில் கட்டி என்றார்கள். கோலாலம்பூரில், என் வீட்டுக்குக் கிட்டே ஆப்பரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை மாசத்துக்கு மேல் கரண்ட், அதுதான் ரேடியேஷன், வைக்க வேண்டும், சனி ஞாயிறு தவிர தினமும் வர வேண்டும் என்றார்கள். கழுத்தில் துளையோடு கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் எப்படி வருவீங்க? நானும் தனிக்கட்டை, நீங்களும் தனிக்கட்டை. "எங்க வீட்டுக்கு வந்திருங்க சம்பந்தி" என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். மனசார சொன்னேனா, மரியாதைக்குச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. நீங்க மடியில் இருந்த அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரைத் திறந்து, கட்டை விரல்களால் ஏதோ தட்டி, என் பக்கம் திருப்பிக் காட்டினீங்க. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'சரி. ஆனா சாம்பார் வேண்டாம்.'

உங்க வாயிலிருந்து வராமல், உங்க கையிலிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தை அது.

சேகர் இன்ஷூரன்ஸ் வேலையில் இருந்தபோது வாங்கிய பாம்டாப் அது. மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி மூடித் திறப்பது. சாம்பல் நிறத் திரை, பட்டாணி பட்டாணியாக எழுத்துக் கட்டைகள், ரெண்டு சின்ன பேட்டரி. அப்போதே பழசு. புதுசு வாங்கிக்கொண்டு அதை உங்க வீட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போயிருந்தான். கடையில் கணக்குப் போட்ட விரல் உங்களுக்கு, சீக்கிரம் பழகிவிட்டது. எதிரில் இருக்கிற ஆளோடு பேச அது போதும். டாக்டரோடு, நர்ஸோடு, என்னோடு. அடுத்த வீட்டு மேரியோடு மட்டும் கடைசிவரை அதில் பேசவில்லை நீங்க. யாராவது கதவைத் தட்டினால் கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவீங்க.

போன் வந்தால்தான் பிரச்சினை.

உங்க மகனுக்கு நீங்க உண்மையைச் சொல்லவில்லை என்பது நீங்க வந்த மறுநாளே எனக்குத் தெரிந்தது. சின்னக் கட்டி, எடுத்தாச்சு, தொண்டை ஆறும்வரை பேசக்கூடாது, அதுவரை என் வீட்டில் ஓய்வு. இவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் உங்களோடு இருந்த அக்கா மகளையும் அப்படியே சொல்ல வைத்திருந்தீங்க. அவன் கூப்பிடும்போதெல்லாம் நான் எடுத்து, "அம்மா தூங்குறாங்க தம்பி", "குளிக்கிறாங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்க பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பீங்க.

"அத்தை, இன்னும் எத்தனை நாளைக்கு அம்மா பேசக்கூடாது?" என்று ஒரு நாள் கேட்டான். "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

"டாக்டர் திட்டுவாருப்பா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு நாம் ரெண்டு பேரும் சண்டை போட்டோம், ஞாபகமிருக்கிறதா? நான் கத்த, நீங்க தட்ட. "பெத்த புள்ளைகிட்ட எதுக்கு மறைக்கணும்?" என்றேன். உங்க பதில் வேகமாக வந்தது, பாதி எழுத்து தப்புத் தப்பாக. அவனுக்கு வேலை இப்போதுதான் நிரந்தரமாகியிருக்கிறது. உமாவுக்கு நாலாம் மாசம். தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவான். அப்புறம் கடைசியில் ஒரு வரி. 'நீங்க சொன்னா நான் இப்பவே கிள்ளான் போயிருவேன்.'

நான் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் முழுக்க வேலை பார்த்தவள் நான். லைன் போட்டுக் கொடுப்போம். யார் என்ன பேசினார்கள் என்பதை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு நாங்கள் கொண்டுபோவதில்லை. முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. ஆனால் உங்க மகனிடம் ஒவ்வொரு தடவை பொய் சொன்னபோதும் எனக்கு உறுத்தியது.

அதனால்தான், அந்தப் பாம்டாப்பை வீட்டு இன்டர்நெட்டோடு இணைக்க முடியுமா என்று நீங்க கேட்டபோது எனக்கு அத்தனை சந்தோஷம். உமா விட்டுப்போன கம்ப்யூட்டர் ஹாலில் இருந்தது. அதில் நான் அவளுக்கு ஈமெயில் எழுதுவேன், சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்டும் செய்வேன். ஆனால் கரண்ட் வைத்துவிட்டு வந்தால் உங்களால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. தலை சுற்றும், கழுத்து எரியும். படுத்துக்கொண்டே எழுத முடிந்தால் மகனிடம் நீங்களே நேராகச் சொல்லிவிடுவீங்க என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

சேகரிடம் கேட்டேன். அம்மா சோம்பேறியாகிவிட்டார் என்று நினைத்து அவன் சிரித்தான். பாம்டாப்பில் டெலிபோன் வயர் மாட்ட வழியே இல்லை, ஆனால் பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதில் கேபிள் சொருகி மறு நுனியைக் கம்ப்யூட்டரின் முதுகில் மாட்டினால், கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கிற லைனிலேயே பாம்டாப்பும் போய்வரும் என்றான். அதற்கு வேண்டிய புரோகிராமையும் ஈமெயிலில் அனுப்பினான். நீளக் கேபிள் ஒன்றை இம்பி கம்ப்யூட்டர் கடைகளில் போய் வாங்கி வந்தேன். ஹாலிலிருந்து சுவரோரமாக இழுத்து, பின்னறைக் கதவுக்கு அடியில் விட்டு, உங்க கட்டில்வரை கொண்டுவந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கம்ப்யூட்டர் டயல் பண்ணியது, கீச்சென்று கத்தியது, லைன் கிடைத்தது. பாம்டாப்பில் மட்டும் ஒரு அசைவும் இல்லை. நான் கஃப்தான் அங்கியைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து, பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். வெளியே தலையை நீட்டினால் கதவில் சாய்ந்தபடி நீங்க. திரையை என் பக்கம் நீட்டினீங்க.

'எக்ஸ்சேஞ்ச்ல இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?'

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேபிளை அப்படியே சுருட்டிக்கொண்டு மறுநாள் மறுபடி இம்பிக்குப் போனேன். கடைக்காரச் சீனர் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஆன்டி, இது சலா லா, தப்பு. நேர் கேபிள். உங்களுக்கு க்ராஸ் வேணும்."

"என்ன க்ராஸ்?"

அவர் ரெண்டு கையையும் எதிரெதிரே வைத்துக் காட்டினார். ஒரு கம்பி பேசுவதற்கு, ஒரு கம்பி கேட்பதற்கு. நேர் கேபிளில் ரெண்டு பொட்டியும் ஒரே கம்பியில் பேசுகின்றன, ஒரே கம்பியில் காது வைத்துக் காத்திருக்கின்றன. இதன் பேச்சு அதன் காதுக்குப் போகிற மாதிரி கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டும். அவர் சொன்னதும் எனக்கு உடனே புரிந்தது. ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி, யாரும் யாரையும் கேட்காத லைன்களை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். விரல் நீளத்தில் ஒரு இணைப்பைக் கொடுத்தார். அதைக் கேபிளின் நுனியில் மாட்டினால் போதும்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். இப்போது எழுத்துகள் வந்தன, ஆனால் கொட்டிப்போன அரிசி மாதிரி வந்தன. கேள்விக்குறி, டாலர், பாதி எழுத்து. இதற்கு நான் யாரிடமும் போகவில்லை. தூரத்து லைனில் சத்தம் கரகரத்தால் ஆளை மெதுவாகப் பேசச் சொல்வோம். இந்தப் பொட்டிகளுக்கும் அப்படி ஒரு வேகம் இருக்க வேண்டுமே என்று தேடினேன். இருந்தது. ரெண்டிலும் வேகத்தைக் குறைத்தேன். ஒரு தடவை குறைத்துப் போதவில்லை, இன்னும் குறைத்தேன். நீங்க கட்டிலில் படுத்திருந்தீங்க. ஹாலிலிருந்து உமாவுக்கு என்று ஒரு வரி தட்டிப் பாருங்க என்று குரல் கொடுத்தேன்.

ஹால் கம்ப்யூட்டரில் அவளுடைய பதில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் எனக்கு வரவில்லை, நேராக உங்களுக்குத்தான் வந்தது. பின்னறையில் கட்டிலைப் படபடவென்று தட்டுகிற சத்தம். ஓடிவந்தேன். உங்க முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். அப்புறம் நீங்க எழுதிக் காட்டினீங்க.

'இனிமே சேகர் சந்தேகப்பட மாட்டான். நான்தான் பேசுறேனே. ஒரே லைன்தானே, இது ஓடுற வரைக்கும் போனும் வராது.'

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உண்மையைச் சொல்ல இல்லை அண்ணி, இன்னும் நன்றாக மறைக்கத்தான் என்னை மேசைக்கடியில் தவழ வைத்தீங்க. நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு உங்க கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு, குடித்தீங்களா என்றுகூடப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அங்கே சாயந்தரம், சேகர் சாட்டில் வந்தான். கேபிள் தடுக்காமல் நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். நீங்க திரையை மறைக்கவில்லை. படிக்கக் கூடாதென்று நான் முகத்தைத் திருப்பினால் என் முழங்கையைப் பிடித்து இழுத்தீங்க. ஏன் அப்படிச் செய்தீங்க? தனியாக இருக்கப் பயமா? அல்லது நீங்க எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளிக்கிறீங்க என்று எனக்குக் காட்டவா?

நன்றாகத்தான் சமாளித்தீங்க. தொண்டை தேறிவருகிறது. கடை முதலாளி விசாரித்தார். உமா கீரை சாப்பிடுகிறாளா. அவனும் துள்ளித் துள்ளி எழுதினான். பிறகு ஒரு வரி வந்தது.

'அம்மா, குழந்தை பிறந்ததும் நீங்க வந்து அதுக்கிட்ட பேசணும். இங்க எல்லாரும் ரகசியம் மாதிரி பேசுறாங்க. என் புள்ள உங்க சத்தம் கேட்டு வளரட்டும்.'

உங்க கட்டை விரல்கள் நின்றுவிட்டன.

தெருவில் ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போய், திரும்பி வந்தது. அவன், 'அம்மா? இருக்கீங்களா?' என்றான். மறுபடி, 'அம்மா?' நான் உங்களைப் பார்க்கவே இல்லை, தரையில் கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தீங்க? பிறகு எத்தனையோ நாள் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

கடைசியில் மெதுவாக, ஒரு எழுத்துகூடத் தப்பில்லாமல் தட்டினீங்க.

'சேகர், அம்மாவுக்குக் குரல் இல்லைப்பா. எடுத்துட்டாங்க. இனிமே வராது.'

அனுப்பினீங்க. அடுத்த கணம் ஹாலில் மோடம் க்ளிக்கென்றது. லைன் அறுந்துவிட்டது.

போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா? என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்க கண்ணால் கேட்டீங்க. எனக்கு எப்படித் தெரியும் அண்ணி? மறுபடி டயல் பண்ணலாம் என்று எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் போன் அடித்தது.

எடுத்தேன். அந்தப் பக்கம் சேகர். "அத்தை, நிஜமா?"

என் வேலையில் நான் கற்ற எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. "அம்மா இங்கதான் இருக்காங்கப்பா," என்றேன்.

"அவங்களுக்குக் காது கேக்குமில்ல?"

"நல்லா கேக்கும்."

"அப்ப போனை அவங்க காதுல வைங்க. நான் பேசுறேன்."

நீங்க வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே சுவரைப் பிடித்து நடந்து வந்தீங்க. நாற்காலியில் உட்கார வைத்து, ரிசீவரை உங்க காதோடு சேர்த்து நான்தான் பிடித்திருந்தேன். அவன் அழுதது எனக்கும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான். "அம்மா, போனைத் தட்டுங்க. ஒரு தட்டு ஆமாம். ரெண்டு தட்டு இல்ல. கேக்குதா?"

உங்க மோதிர விரலால் ரிசீவரில் ஒரு தட்டு.

"வலிக்குதாம்மா?"

ரெண்டு தட்டு. பொய்தான்.

"அத்தை நல்லா பாத்துக்கிறாங்களா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தீங்க. ஒரு தட்டு.

"சாப்பாடு நல்லா இருக்கா?"

நீங்க யோசித்தீங்களே, அந்த யோசனை! அப்புறம் கணீர் கணீரென்று ரெண்டு தட்டு. அந்தப் பக்கம் அவன் அழுகைக்கு நடுவில் வெடித்துச் சிரித்தான். நான் சிரித்தேன். நீங்க தோள் குலுங்க, சத்தமில்லாமல், கண்ணில் நீர் வழியச் சிரித்தீங்க. கழுத்துத் துணி நழுவிக் கீழே விழுந்தது. என் முன்னால் நீங்க அதை எடுத்துக் கட்டாத முதல் தடவை அது.

"நான் வரட்டுமா?" என்று கேட்டான். ரெண்டு தட்டு, பலமாக. ஆனாலும் வந்தான். ஒரு வாரம் இருந்தான், வேலை போகவில்லை, உமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் முடிந்து நீங்க கிள்ளானுக்குத் திரும்பியபோது உங்க வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர், லைன், கேபிள் எல்லாம் நானே வந்து போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் நாம் பேசாத நாளுண்டா? சாயந்தரமானால், 'என்ன சமையல்?' என்று வந்துவிடுவீங்க. நான் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு குறை சொல்வீங்க. பேத்தி பிறந்த அன்று சேகர் அனுப்பிய படம் அந்தச் சாம்பல் திரையில் சரியாகத் தெரியவில்லை, மூக்கு யார் மூக்கு என்று ரெண்டு பேரும் மணிக்கணக்காகச் சண்டை போட்டோம்.

கட்டி திரும்ப வந்தபோது நீங்க முதலில் சொன்னது என்னிடம். சேகருக்கு உடனே சொல்லிவிட்டீங்க, இந்த முறை மறைக்கவில்லை. அவன் வந்து உங்க கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் போனீங்க. அந்த ஆறுதல் எனக்குப் போதும்.

பாம்டாப் இப்போது செந்தூலில் இருக்கிறது. கரண்ட் வைக்கிற இடத்தில் நம்மோடு வரிசையில் உட்கார்ந்திருப்பாரே, உயரமாக ஒரு லோரி டிரைவர், அவரிடம். உங்களுக்கு ஆனதே அவருக்கும் ஆனது. சேகரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். அதில் நீங்க எழுதி வைத்திருந்ததை நான் படிக்கவில்லை, சேகருக்கு அனுப்பிவிட்டு அழித்துக் கொடுத்தேன். போன வாரம் அவர் வீட்டுக்குப் போய்க் கேபிள் போட்டேன். ஒற்றை விரலால் தட்டுகிறார். முதலில் அவர் எழுதியது ஒரு கெட்ட வார்த்தை. அவர் மனைவி கை தட்டிச் சிரித்தார், "பழைய ஆளு திரும்பி வந்துட்டாரு" என்று.

உமா வருஷப் பிறப்புக்கு அப்புறம் குழந்தையோடு வருகிறாள், சேகரும் வருகிறான். முதல் பேரப்பிள்ளை முதலில் பெண்ணைப் பெற்றவள் வீட்டுப் படிதான் ஏற வேண்டுமென்று மேரி வரைக்கும் எல்லாரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஆரத்தித் தட்டுகூட வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் ஏர்போர்ட்டிலிருந்து டாக்சி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் திரும்பாது, அண்ணி. நேராகக் கிள்ளானுக்குத்தான். முந்தின நாளே நான் வந்து உங்க வீட்டைத் திறந்து, ஜன்னலையெல்லாம் திறந்து, விளக்கேற்றி வைத்திருப்பேன். உங்க வாசலில், உங்க இடத்தில் நின்று, நான்தான் ஆரத்தி எடுப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உள்ளே வந்ததும் உங்க பேத்தி வீடு அதிர ஒரு கத்து கத்தட்டும்.

உங்கள் சேகருக்கு மாமியார்,
உங்களுக்கு இனி நாத்தனார்,
கமலம்